காக்கை போட்ட முத்து

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் வேப்பமரத்தடியில் நடப்பவர்கள் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மஞ்சளாகப் பழுத்து விழுந்த பழங்கள் நசுங்கி வழுக்கும். ஈ மொய்க்கும். புளிப்பும் இனிப்புமான ஒரு வாடை தெருமுனை வரைக்கும் வரும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்மாய்க்கரையிலும் சாலையோரத்திலும் யாரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் தானாக முளைத்து நிற்கும் மரங்கள் இவை. மதுரையிலோ சென்னையிலோ ஒரு மொட்டைமாடித் தொட்டியில், இலைப்பேன் அரித்து ஓரம் கருகி நிற்கும் ரோஜா மொட்டுக்கு வந்து சேரப்போகிற மருந்து இந்தக் குப்பைக்குள்தான் கிடக்கிறது.

பழத்தின் மேல் முதல் உரிமை மனிதர்களுக்கு இல்லை. பகலில் காக்கையும் மைனாவும் குயிலும் வரும். இருட்டினால் வௌவால் வரும். எல்லாருக்கும் வேண்டியது மேலே இருக்கிற இனிப்புச் சதை. உள்ளே இருக்கும் கொட்டையின் கசப்பு தெரிந்த ஜீவன்கள், சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடும். அதனால் பழம் பழுத்த மரத்தடியைவிட, பறவை அடையும் ஆலமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ சுத்தமான வெளிர்நிற வேப்பமுத்து அதிகம் கிடைக்கும். பொறுக்கப் போகிற பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். சதையோடு விழுந்த பழத்தை ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்து, அலசி, காயவைத்தாக வேண்டும். காக்கை போட்ட முத்துக்கு அந்த வேலையில் பாதி மிச்சம். நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு முப்பதிலிருந்து ஐம்பது கிலோ பழம் தரும். ஐம்பது கிலோ பழத்தில் சுமார் முப்பது கிலோ முத்தும், அந்த முத்தை ஆட்டினால் ஆறு கிலோ எண்ணெயும் தேறும். மீதியெல்லாம் புண்ணாக்கு.

ஓட்டை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைப் பார்த்தால் முத்தின் சாதகம் தெரிந்துவிடும். பழுப்பான மெல்லிய தோலைக் கீறினால் பருப்பு பச்சையாக இருக்க வேண்டும். பழுத்துக் கொஞ்ச நாளே ஆகி, சதை நீங்கி, நிழலில் பரவலாகக் காய்ந்த முத்துதான் இந்தப் பச்சையைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆடியில் திடீரென்று ஒரு தூறல் போடும். அவசரத்தில் ஈர முத்தைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். மூட்டைக்குள் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், பருப்பு கறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு முத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

"என்ன ஆத்தா, அடிச்சாக்கு ஈரமா இருக்கே?"

"ரெண்டு நாளு வெயில் இல்லையே தம்பி. காயாமலா கட்டிக்கிட்டு வருவேன்? கையை விட்டுப் பாரு, மேல எல்லாம் கலகலன்னுதான் இருக்கு."

கமிஷன் கடை வாசலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த ஈரத்தைப் பற்றியதுதான். ஈரம் என்றால் எடை, எடை என்றால் காசு. பருப்பு பச்சையா கறுப்பா என்பதை எண்ணெய்க்கு வாங்குகிறவர் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சோப்புக்குப் போகிற எண்ணெய்க்கு அது தேவையும் இல்லை. பூச்சிக்கு வேலை செய்கிற சத்து முத்தில் இருக்கிறதா இல்லையா என்று விலைக்குத் தெரியாது, ஆகவே பொறுக்குகிறவருக்கும் அதைப் பாதுகாக்கக் காரணம் இல்லை. வேப்பெண்ணெய் அடித்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று அலுத்துக்கொள்கிற தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அடிச்சாக்குதான் நினைவுக்கு வரும். வேம்பு பெரும்பாலும் செடியில் தோற்பதில்லை. செடிக்கு வருகிற வழியிலேயே தோற்றுவிடுகிறது.

கடையிலிருந்து முத்து பல திசைக்குப் பிரியும். பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்கு. 2015இல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியதாகவே இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. வேப்பெண்ணெய்க்கு அப்போது வந்த கிராக்கி சாதாரணமானதல்ல. இன்னொரு பங்கு, முத்திலிருந்து சத்தைக் கரைப்பான் போட்டுப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஒரு சிறு பங்கு மட்டும், எங்கேயும் போகாமல், ஊர்க்காட்டிலேயே உரலில் இடிபட்டுக் கரைசலாகிறது. ரோஜாவுக்கு இந்த மூன்று வழியிலும் வரலாம். மூன்றும் ஒரே மருந்து என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம்.

அந்தச் சத்து என்ன என்று உலகத்துக்குத் தெரியவந்ததற்கு வெட்டுக்கிளி காரணம். நெல் குதிருக்குள் வேப்பிலையைப் போட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் 1959இல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையாக இறங்கிக் கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் மொட்டையடித்தபோது, இந்தியாவிலிருந்து போய் அங்கே வேரூன்றிய வேப்பமரங்கள் மட்டும் இலை குறையாமல் நின்றதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். பிற்பாடு வாழ்நாள் முழுவதும் வேம்பைத் துரத்தினார். 1962இல் டெல்லியில் வெட்டுக்கிளி வந்தபோது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதானும் அவருடன் பணியாற்றியவர்களும் வேப்பம்பருப்பை அரைத்துத் தண்ணீரில் கலந்து பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, தின்னவில்லை. செய்தி அவ்வளவுதான், ஆனால் பெரிய செய்தி. பூச்சியைக் கொல்லாமலே பயிரைக் காப்பாற்றலாம் என்று அதற்கு அர்த்தம். டிடிடி கொடிகட்டிப் பறந்த அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் முத்திலிருந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து அசாடிராக்டின் என்று பெயர் சூட்டினார்கள். அதன் அமைப்பு இன்னதென்று முடிவாக 1985 வரை ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே அதை ஆய்வகத்தில் செயற்கையாகக் கட்டி முடித்தது 2007இல். அதற்கு அவருடைய குழுவுக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது. செய்து காட்டியதற்காகப் பாராட்டலாம், ஆனால் வியாபாரத்துக்கு உதவாது. இந்தச் சரக்கைச் செலவில்லாமல் செய்யத் தெரிந்தது மரத்துக்கு மட்டுந்தான். அதனால்தான் உலகத்தில் எந்த மூலையில் எந்த டப்பாவில் அசாடிராக்டின் விற்றாலும் அதன் தலைமாட்டில் முத்துப் பொறுக்கிய ஒரு கை இருக்கிறது.

அமெரிக்காவில் வேம்பு மருந்துக்கு முதல் அனுமதி 1985இல் மார்கோசன்-ஓ என்ற சரக்குக்குக் கிடைத்தது. பிறகு டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற நிறுவனம் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. அதே நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து, வேப்பெண்ணெய்ச் சாற்றால் செடிகளின் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சிக்காரரான மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்து மனுப் போட்டார்கள். இந்தியாவில் ஏற்கெனவே செய்துவந்ததுதான் இது என்று சாட்சியங்கள் போயின. 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. நம் பத்திரிகைகள் 'வேம்பை மீட்டோம்' என்று எழுதின. வழக்கு மரத்தைப் பற்றியது இல்லை, எண்ணெயின் ஒரு உபயோகத்தைப் பற்றியது என்பது அந்த ஆரவாரத்தில் அடிபட்டுப் போயிற்று.

ரோஜா வளர்ப்பவர்களுக்கு அந்த உபயோகந்தான் முக்கியம். முத்திலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பிறகு மீந்து நிற்கும் தெளிந்த எண்ணெய்க்கும் ஒரு வேலை உண்டு. ரோஜா இலையில் மாவு தூவினாற்போல் படரும் சாம்பல் நோயை அது அடக்கும். செம்பேன், செதில் பூச்சி மேல் படலமாகப் படிந்து மூச்சை அடைக்கும். அமெரிக்கத் தோட்டக் கடைகளில் 'ரோஸ் டிஃபென்ஸ்' என்று பெயர் போட்ட பாட்டிலில் விற்றது எழுபது சதவீதம் இந்த எண்ணெய்தான். ஆக, முத்துக்குள் இரண்டு ஆயுதம் இருக்கிறது. ஒன்று, பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் கெடுக்கும் அசாடிராக்டின். மற்றொன்று, உடம்பை மூடி மூச்சுமுட்ட வைக்கும் எண்ணெய். இலைப்பேனுக்கு முதலாவது வேண்டும், செம்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் இரண்டாவது. செக்கில் ஆட்டிய பச்சை எண்ணெயில் இரண்டும் இருக்கும், ஆனால் முதலாவது எவ்வளவு இருக்கும் என்பது அந்தச் சாக்கின் ஈரத்தைப் பொறுத்தது. பளிச்சென்று தெளிந்து வாடையே இல்லாமல் இருக்கிற எண்ணெயில் முதலாவதைத் தேடிப் பயனில்லை.

உரக்கடையில் தொழிற்சாலை வழி வந்த பாட்டில்கள் வரிசையாக இருக்கும். 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று எண் போட்டிருப்பது அசாடிராக்டின் அளவு. 1500 என்றால் நூற்றுக்கு 0.15 பங்கு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. பாட்டிலைத் திருப்பித் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்கவும் கூடாது. வெயில் அடிக்கிற கண்ணாடி அலமாரியில் வருஷக்கணக்கில் நின்ற பாட்டிலுக்கு லேபிளில் உள்ள எண் பழைய பெருமை மட்டுமே.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, பருப்புக் கரைசல். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு என்பது வயலுக்கான கணக்கு. பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு லிட்டருக்கு ஐம்பது கிராம். ஓட்டை உடைத்துப் புடைத்தெடுத்த பருப்பை அம்மியிலோ மிக்ஸியிலோ ஒன்றிரண்டாகப் பொடிக்க வேண்டும். மைய அரைத்தால் எண்ணெய் விட்டுப் பிசின் மாதிரி ஆகி வடிகட்டவே முடியாது. பொடியை மெல்லிய துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி ஊறப் போட்டு, விடிந்ததும் முடிச்சைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் பால் இறங்கும். அந்தப் பால் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இறங்கினால் பருப்பு பழசு, தெளிப்பது வீண் வேலை. மீதித் தண்ணீரைச் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்கு இரண்டு கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். வைத்திருந்து நாளைக்கு என்றால் புளித்துப் போகும்.

மூன்று மாதத்துக்குக் குறையாமல், எட்டு மாதத்துக்கு மிஞ்சாமல் வயதுள்ள முத்தே கரைசலுக்கு ஏற்றது என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆடியில் பொறுக்கிய முத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐப்பசியில் பக்குவத்துக்கு வந்து பங்குனியில் காலாவதியாகிறது. ரோஜாவில் இலைப்பேன் தலைவிரித்தாடுவதோ பங்குனி, சித்திரை வெயிலில். வேண்டிய நேரத்தில் கையிலிருப்பது கிழட்டு முத்து! விவரம் தெரிந்தவர்கள் மாசியிலேயே, முத்துக்கு உயிர் இருக்கும்போதே, மொட்டு வைக்கும் முன்பே தெளிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வழியில் முத்தைக் கொல்லும் கடைசி எதிரி தண்ணீர். காரத்தன்மை கூடிய ஆழ்துளைக் கிணற்று நீரில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும். மழைநீர் இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் வாளிக்குச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. இஞ்சி பூண்டுக் கரைசல், சாம்பல், சுண்ணாம்பு என்று கேள்விப்பட்டதையெல்லாம் ஒரே வாளியில் கொட்டிக் கலக்குகிறவர்கள் உண்டு. சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த வாளியில் வேம்பு செத்துப்போகும். எல்லாம் இயற்கைதானே, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நினைப்பதற்கு என்ன ஆதாரம்?

சரி, முத்து தப்பித் தவறி உயிரோடு மாடிக்கு வந்துவிட்டது. சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, கைத்தெளிப்பானின் முனை இலையின் அடிப்பக்கம் பார்த்து நிற்கிறது. அடிப்பக்கந்தான் முக்கியம். செம்பேன் அங்கேதான் மெல்லிய நூலாம்படை பின்னி உட்கார்ந்திருக்கும். இலையின் மேல் பொடிப்பொடியாக வெளுத்த புள்ளி தெரிந்தால் அடியில் குடித்தனம் நடக்கிறது என்று பொருள். இலைப்பேன் இன்னும் சாமர்த்தியக்காரன். மொட்டின் இதழ் மடிப்புக்குள் புகுந்து சுரண்டிச் சாறு குடிப்பான். மொட்டு விரியாமல் ஓரம் கருகிக் கோணும். மடிப்புக்குள் எந்த மருந்தும் போகாது. கெட்ட மொட்டை இரக்கம் பார்க்காமல் கிள்ளி, பையில் கட்டிப் போட்டுவிட்டுத் தெளித்தால்தான் தெளித்ததற்கு அர்த்தம்.

கரைசல் பட்ட இலையைச் சுரண்டிய இளம் இலைப்பேனுக்கு என்ன ஆகிறது? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் மாடிக்கு வந்து பார்ப்பவர் அது நடமாடுவதைக் கண்டு ஏமாந்து போவார். வாயில் உள்ள சுவை உணர்வு தடுமாறி, தின்பது முதலில் குறையும். பிறகு சட்டை உரிக்கும் முறை வரும். பூச்சிகள் வளர வேண்டுமென்றால் பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். அதற்கு எக்டைசோன் என்ற இயக்குநீர் சரியான நேரத்தில் சுரக்க வேண்டும். அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து போகும் உத்தரவை அசாடிராக்டின் மறித்துவிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாதித் தோல் கழன்று, மீதிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும் குஞ்சுகள் தென்படும். வளர்ந்துவிட்ட பூச்சி பிழைத்துக்கொள்ளும், ஆனால் முட்டை குறையும். அடித்ததும் கொத்துக் கொத்தாக விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு வேம்பு ஒத்துவராது. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில், பிப்ரவரி 14க்கு நாள் குறித்து ஏற்றுமதிக்கு மொட்டு வெட்டுகிறவர்களிடம் பத்து நாள் பொறுங்கள் என்று யார் சொல்வது? வீட்டுத் தொட்டிக்கு அந்த அவசரம் கிடையாது.

வெயில் பட்டால் சில நாட்களிலேயே இலையின் மேலிருக்கும் சத்து சிதைந்துவிடும் என்பதால் ஏழிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை மறுபடி தெளிக்க வேண்டும். எண்ணெய் வழியைத் தேர்ந்தவர்கள் லிட்டருக்கு ஐந்து மில்லிக்கு மேல் போகாமல், சோப்போடு நன்றாகக் குழைத்துக் கலந்து, முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்துப் பார்ப்பது நல்லது. பன்னீர் ரோஜாவின் சிவந்த தளிர் எண்ணெய் கூடினால் ஒரே பகலில் கருகும்.

அசுவினிக்கு நான் வேம்பைத் தூக்குவதே இல்லை. தளிர்க் காம்பைச் சுற்றிப் பச்சையாக அப்பிக்கொண்டிருக்கும் கூட்டத்தைக் குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சினால் கீழே விழும். விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஏறி வராது. ஆண் துணையில்லாமல், முட்டையிடாமல், குட்டியாகவே பெற்றுத் தள்ளுகிற இனம் என்பதால் இரண்டு மூன்று நாள் விடாமல் பீய்ச்ச வேண்டும். அப்படிப் பீய்ச்சும் முன் கூட்டத்துக்குள் ஒரு கண் வையுங்கள். முதலையைச் சுருக்கி வைத்தது போல, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு ஊர்ந்தால் அது பொறிவண்டின் பிள்ளை. அசுவினியைத் தின்று வளர்கிறது. பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் பல வீடுகளில் முதலில் நசுக்கப்படுவது அதுதான். தண்டில் எறும்பு வரிசை கட்டினால் அதையும் தடுக்க வேண்டும். அசுவினி கழிக்கும் தேன்நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும்.

பருப்புக் கரைசலுக்குப் பிழிந்த சக்கை மீந்திருக்கும். அதைத் தூர எறிய வேண்டாம், தொட்டிக்கு ஒரு கைப்பிடியாக மேல்மண்ணில் கிளறிவிடலாம். இலைப்பேன் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணிலும் சருகிலுந்தான் கழிக்கிறது. வேர் முடிச்சு நூற்புழுவுக்கும் இது ஆகாது. தழைச்சத்து வேகமாகக் கரைந்து ஓடிவிடாமல் பிடித்து வைக்கும். யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசச் சொன்னதும் இந்தக் குணத்துக்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. மரத்திலிருந்து வந்தது என்பதற்காக வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மலேசியாவில் நம்மவர் வீடுகளில் சளிக்கும் வயிற்றுக்கும் என்று கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டி, வாந்தியும் வலிப்புமாக அவை மருத்துவமனைக்கு வந்ததைப் பற்றி 1981இல் லான்செட் இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. மாடியில் ரோஜாவுக்குப் பக்கத்தில் அல்லித் தொட்டி வைத்து, கொசு வராமலிருக்கக் கப்பி மீன் விட்டிருப்பவர்கள் தெளிக்கும் முன் அந்தத் தொட்டியை ஒரு பழைய தட்டால் மூடிவிட வேண்டும். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரையும் அதில் ஊற்றக் கூடாது, மீனுக்கு ஆகாது.